கிராமுக்கு எத்தனை பிராங்க்

இந்த ஊரின் பெயர் கூர்.
எழுத்தில் எப்படிக் கிடந்தாலும் வாயில் அப்படித்தான் வரும்.
நம் மொழியில் அது முனையைக் குறிக்கும் என்று
இங்கே யாருக்குத் தெரியப்போகிறது.
ரயில் அறிவிப்பில் அதைக் கேட்கும்போதெல்லாம்
நான் மட்டும் இலேசாகக் குத்துப்படுகிறேன்.

மார்ச், ஞாயிறு, வெளியே ஈரப்பனி.
சமையலறை மேசையில் சைக்கிள்
உறுப்பு உறுப்பாய்ப் பிரிந்து கிடக்கிறது.
மா நிறுக்கும் தராசைத் துடைத்துவிட்டு
ஒவ்வொன்றாய் வைக்கிறேன்.
சீற், முந்நூற்றுப் பத்து.
டியூப், நூற்று ஐந்து. மற்றது நூற்று எட்டு,
இரண்டும் ஒரே கடையில் ஒரே நாள் வாங்கியவை.
"சோற்றில ஒரு அகப்பையைக் குறையும்" என்கிறார் தயாபரன்
பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.
அவரைத் தராசில் வைக்க வழியில்லை.
ஐந்து கிலோவுக்கு மேல் அது பிழை காட்டும்.

மருத்துவமனை மருந்தகத்தில்
பகலெல்லாம் மில்லிகிராம் பார்ப்பவள் நான்.
ஒரு புள்ளி இடம் மாறினால்
மூன்றாம் மாடியில் யாரோ விழிக்கமாட்டார்.
கிராமைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு
எனக்குப் பேச்சில்லை.

மெல்லிய டியூப் இரண்டு:
நூற்று நாற்பத்து மூன்று கிராம் போகும், ஐம்பது பிராங்க்.
யோசிக்கவே இல்லை.
சில்லுகளை மாற்றினால் நானூற்று ஐம்பது,
தொள்ளாயிரம் பிராங்க். கிராமுக்கு இரண்டு.
அது சும்மா இருக்கும் பாரமல்ல, சுழலும் பாரம்,
ஒவ்வொரு வளைவு முடியவும்
முதலிலிருந்து எழுப்பவேண்டிய பாரம்.
இரண்டு இரவு தூங்காமல் கிடந்து வாங்கினேன்.
டைட்டானியம் ஆணிகள்,
எட்டுக் கிராம் குறைய எழுபத்திரண்டு பிராங்க்.
அந்தக் காசுக்கு மூக்குத்தி போடலாம்,
அதுவும் பாரம்தான், ஆனால் ஒளிரும்.

எடைக்கு நிறை என்று பெயர் வைத்த மொழியில்
குறைத்ததை எப்படிப் பெருமையாகச் சொல்வது?

கடைக்காரன் ஃபுளூரின் பேச்சில் சிக்கனம்.
சிறிய பல்சக்கரமொன்றை என் உள்ளங்கையில் வைத்தான்.
நூறு கிராம் குறைவு. கைக்கு இதமாக இருந்தது.
எண்ணிப் பார்த்தேன், கடைசிப் பெரிய பற்கள் இல்லை.
மாலிக்ஸ் ஏற்றத்தில் என் வலது முழங்கால்
என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.
திருப்பிக் கொடுத்தேன்.
பிறகு பிரேக் தட்டை நீட்டினான்,
சின்னது, ஓட்டை ஓட்டையாய், கோலம் போல.
அழகுதான்.
போதாத மருந்து மருந்தே இல்லை, ஃபுளூரின்,
கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதிதான் ஆளைக் கொல்லும்.
அவன் தோளைக் குலுக்கிவிட்டு
வேறு சைக்கிளின் செயினுக்குள் தலையை விட்டான்.

ஜூனில் ஏறினேன்.
மாலிக்ஸ், கூர்வால்டன், பார்பான்.
சில்லு முன்னால் போய் நின்று
வாறியோ என்று கேட்பதுபோல் இருந்தது.
பார்பானுக்குக் கீழே
சாலையை அடைத்து ஒரு பசு.
கழுத்தில் தொங்கிய மணி
என் முன்சில்லு மூன்றைச் சேர்த்தாலும் மிஞ்சும்.
அது அந்தக் கனத்தோடே
மேட்டைப் பார்த்து நடந்தது, அவசரமில்லாமல்.
என் கைப்பிடியிலும் ஒரு மணி உண்டு,
நாற்பத்தொரு கிராம், கழற்றவில்லை.
அடித்தேன்.
பசு திரும்பிப் பார்த்தது,
தன் மணியை ஒருமுறை அசைத்தது,
நின்றுவிட்டது.

இறங்கும்போது ஆலங்கட்டி.
சாலை முழுக்க வெள்ளைக் குருணை.
இரண்டு விரலால் மெல்லப் பிடித்தேன்,
பெரிய தட்டுகள் முனகிக்கொண்டு
என்னை மனிதரின் வேகத்துக்குக் கொண்டுவந்தன.
அந்த முனகலை எந்தத் தராசிலும்
நான் நிறுத்துப் பார்த்திருக்கவில்லை.

"எத்தனை நிமிசம் மிச்சம்?" தயாபரன் கேட்டார்,
துவாயை நீட்டியபடி.
நாலு என்றேன்.
பசுவுக்குப் போன ஆறைச் சொல்லவில்லை.